அப்பாவின் டேனரியில் சமூகப் பொறுப்பை எங்கே தொடங்குவது?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் தாத்தா ஆரம்பித்த டேனரி, அதாவது தோல் பதனிடும் ஷெட், அப்பாவும் சித்தப்பாவும் பார்ட்னர்கள், கூடவே ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிற ஒரு சின்ன யூனிட். நீங்கள் சென்னையில் எம்பிஏ முடித்துவிட்டுத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. நம் கம்பெனி பேரில் ஒரு டிரஸ்ட் தொடங்கி ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று சொன்னதற்கு அப்பா, "கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்தோம், பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு ரூம் கட்டிக் கொடுத்தோம், இதுக்கு மேல என்னப்பா பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறார். அவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி, எங்கே தொடங்குவது என்கிறீர்கள்.

இப்போதைக்கு டிரஸ்ட் வேண்டாம். காம்பவுண்டுக்குள் தொடங்குங்கள். உங்கள் ஷெட்டுக்குள் வரும் தண்ணீர் எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு, கழிவுத் தொட்டிக்குள் யார் இறங்குகிறார்கள், சம்பளப் பட்டியலில் இல்லாமல் உங்களுக்காக வேலை செய்பவர்கள் எத்தனை பேர், இதெல்லாம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பிறகு டிரஸ்டைப் பற்றிப் பேசலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் இருபத்தாறு வருடமாக வேலூரில் ஆடிட்டராக இருக்கிறேன், என்னிடம் வரும் கணக்குகளில் பாதிக்கு மேல் குடும்பத் தொழில்தான்: டேனரி, அரிசி ஆலை, பீடி, லுங்கி, இப்போது ஷூ. இன்னொரு காரணமும் உண்டு. என் அம்மாவின் ஊர் வாணியம்பாடிக்குக் கிழக்கே பாலாற்றங்கரை. தாத்தாவுக்கு இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு, கரையோரம் தென்னை. நான் ஆறாவது படிக்கும்போது கோடை விடுமுறைக்குப் போனேன், கிணற்றடியில் சொம்பில் மொண்டு குடிக்கப் போனவனைப் பாட்டி தடுத்து, "இது வேணாம் கண்ணு, குடத்துல இருக்கு பாரு" என்று உள்ளே அனுப்பினாள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நாலைந்து வருடத்தில் தென்னங்குரும்பை உதிர ஆரம்பித்தது, நெல் போட்டால் பயிர் ஓரம் கருகியது. தாத்தா நிலத்தைக் கரம்பாகப் போட்டுவிட்டு ஒரு தோல் ஷெட்டுக்கே வாட்ச்மேன் வேலைக்குப் போனார். எந்த ஷெட்டின் கழிவு தன் கிணற்றுக்கு வந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அதற்காக இந்தத் தொழில் நடத்திய குடும்பங்கள் ஊருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். வட ஆற்காட்டில் படித்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. மேல்விஷாரத்து நவாப் சி. அப்துல் ஹக்கீம் தோல் வியாபாரத்தில் சம்பாதித்ததை அள்ளிக் கொடுத்தவர், சென்னை சென்ட்ரல் எதிரே பயணிகள் தங்க சித்திக் சராய் கட்டியவர், மேல்விஷாரத்தில் அவர் பேரில் கல்லூரியே இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது, அந்த ஊர்த் தோல் வணிகர்களின் பணம் அதில் எவ்வளவு என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள். குடியாத்தம் அரசுக் கல்லூரியின் பேரிலேயே திருமகள் மில்ஸ் இருக்கிறது. உங்கள் அப்பா கட்டிக் கொடுத்த இரண்டு வகுப்பறையும் இந்த வரிசையில் வருவதுதான். முதலில் அதை மனதார ஒப்புக்கொண்டு அப்பாவிடம் சொல்லுங்கள். அதைச் சின்ன விஷயமாக்கிப் பேசினால் அவர் காதை மூடிக்கொள்வார், மூடிக்கொள்வது நியாயமும்கூட.

ஆனால் அதே காலத்தில் அதே கைகளில் இன்னொன்றும் நடந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழலைக் கெடுத்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும், இந்த இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது நம் ஊர் வழக்கில்தான், இன்றைக்கு நாட்டில் எந்த மாசு வழக்கு நடந்தாலும் அந்தத் தீர்ப்பைக் காட்டாமல் வாதம் முடியாது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பயிருக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அதில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னார்கள். இருபத்தெட்டு வருடம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று விஷயத்தில் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டி வந்தது: இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்குக் கொடுங்கள், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டுக் கண்காணியுங்கள் என்று. நீங்கள் பிறப்பதற்கு முன்பு தொடங்கிய வழக்கு, நீங்கள் கம்பெனிக்குள் வரும்போதும் முடியவில்லை. தொழிலோடு சேர்த்து இதுவும் உங்கள் தலைமுறைக்கு வந்து சேருகிறது. நான் செய்யவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ஷெட்டும் இடமும் பிராண்டும் எனக்கு வேண்டும், தொட்டியும் வழக்கும் வேண்டாம் என்று எந்தப் பங்குப் பத்திரத்திலும் எழுத முடியாது.

அப்பா "காலம் காலமா இப்படித்தான் செய்யறோம்" என்று சொல்வார், எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. உங்கள் தாத்தா தொடங்கியபோது பெரும்பாலும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துத்தான் பதனிட்டிருப்பார். 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு மத்திய அரசு பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது, முடித்த தோலாகவும் காலணியாகவும் அனுப்புங்கள் என்றது. வேலைவாய்ப்புக்கு அது நல்லது, ஆம்பூருக்கு ஷூ ஃபேக்டரிகள் வந்ததும் அந்த வழியில்தான். ஆனால் அதோடு குரோமியம் உப்பு வைத்துப் பதனிடும் குரோம் பதனீடும் பெருகியது, தண்ணீரும் ரசாயனமும் பெருகின, அதைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்தது எத்தனையோ வருடம் கழித்து. அதாவது உங்கள் குடும்பத்திலேயே ஒரு தலைமுறை தொழிலின் முறையை மாற்றியிருக்கிறது, லாபம் கிடைக்கும் என்று தெரிந்தபோது தயங்காமல் மாற்றியிருக்கிறது. இப்போது நீங்கள் கேட்பதும் இன்னொரு மாற்றம், அவ்வளவுதான். அப்பாவிடம் இதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எம்பிஏவில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135, லாபத்தில் இரண்டு சதவீதம். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அது. உங்களுடையது பார்ட்னர்ஷிப் ஃபர்ம், அந்தப் பிரிவே பொருந்தாது. நம் மாவட்டத்துக் குடும்பத் தொழில்களில் பெரும்பாலானவை இப்படித்தான். பொருந்தும் கம்பெனிகளுக்குக்கூட, சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் பயன்படுகிற செலவும், தொழிலின் வழக்கமான வேலைக்கான செலவும் அந்த இரண்டு சதவீதத்தில் சேராது. அந்தச் சட்டமே உள்வீட்டுக் கடமையைத் தனியாக, ஏற்கெனவே செய்திருக்க வேண்டிய ஒன்றாக வைத்திருக்கிறது.

இப்போது என் தொழிலில் நான் கண்டதைச் சொல்கிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். குடும்பக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் கும்பாபிஷேக நன்கொடை பார்ட்னரின் டிராயிங்ஸில் வரும், அதாவது லாபம் பார்த்த பிறகு எடுக்கும் பணம். கழிவுத் தொட்டியில் சேறு அள்ளும் செலவு, ஃபில்டர் மாற்றும் செலவு, கையுறை, கம்பூட்ஸ், இதெல்லாம் லாபத்துக்கு மேலே, செலவுப் பக்கத்தில் வரும். ஆர்டர் குறைந்த வருடத்தில் எதை முதலில் வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். நன்கொடையைக் குறைக்க மாட்டார்கள், ஊரில் பேர் போய்விடும். கையுறையைக் குறைப்பார்கள். சேறு அள்ளுவதை அடுத்த காலாண்டுக்குத் தள்ளுவார்கள். நான் பார்த்த நல்ல மனிதர்களே செய்திருக்கிறார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, அவர்கள் மனதில் அதற்குப் பேர் செலவு, இதற்குப் பேர் புண்ணியம். உங்களால் ஒன்றே ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள். தண்ணீருக்கும் பாதுகாப்புக்கும் வருடத் தொடக்கத்திலேயே ஒரு தொகை ஒதுக்கி, இரண்டு பார்ட்னரும் கையெழுத்துப் போட்டு, எந்தக் காரணத்துக்காகவும் இதில் கை வைப்பதில்லை என்று எழுதி வையுங்கள். ஒரு பக்கத் தாள் போதும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். எல்லோரும் குரோமியம் குரோமியம் என்றுதான் பேசுவார்கள். அதுவும் ஆபத்துதான், ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு மலை மாதிரிக் கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் என் தாத்தா கிணற்றை உவர்ப்பாக்கியது உப்பு. தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது, ஊறவைக்கும் முதல் தண்ணீரிலேயே அது கரைந்து இறங்குகிறது, கரைந்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது மாதிரிச் செலவு பிடித்த வேலை கிடையாது. ஆர்ஓ வைத்து, மிச்சத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பாக எடுத்தாலும் அந்தக் கலப்பு உப்பை வாங்க ஆள் இல்லை, மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிறார்கள். அதனால் கரையும் முன்பே உதறிவிட்டால் சுமை ஓரளவு குறையும்.

என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒரு குடும்பத்துப் பெண் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தாள், ஊரும் பேரும் சொல்லவில்லை. வந்த முதல் மூன்று மாதம் ஆபீஸ் பக்கமே போகவில்லை, தோல் வந்து இறங்கும் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு தோலையும் மரச்சட்டத்தின் மேல் போட்டு இரண்டு பேர் உதற வேண்டும், உதிர்ந்த உப்பை எடை போட வேண்டும். மேஸ்திரி சிரித்தார், "பாப்பா, இதுக்கெல்லாம் நேரமில்ல" என்றார். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, எத்தனை தோல், எத்தனை கிலோ உப்பு என்று எழுதிக்கொண்டே வந்தாள். மாதக் கடைசியில் அந்த நோட்டையும், பல ஷெட்களின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வந்த பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் அப்பாவிடம் காட்டியபோது நானும் அங்கே இருந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் உப்பு உதற இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டார். சமூகப் பொறுப்பு என்ற வார்த்தையை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அதே மாதிரி குரோம் கழிவை மீட்டு மறுபடி டிரம்மில் பயன்படுத்தும் முறை, சோடியம் சல்ஃபைடைக் குறைத்து என்சைம் வைத்து முடி நீக்கும் முறை, எல்லாம் சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் சொல்லித் தருவார்கள். நீங்கள் படித்த ஊரில்தான் இருக்கிறது, ஒரு நாள் போய் வாருங்கள்.

அடுத்தது தொட்டி. இதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, உள்ளே இறங்கினவர் நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போதே மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். நம் பக்கத்தில் இப்படிப் போன உயிர்கள் கொஞ்சமில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துக் கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் செய்தது வேலை முடிந்து தூங்கினதுதான்.

உங்கள் ஷெட்டில் தொட்டி எப்போது சுத்தம் செய்கிறார்கள், மெஷினா ஆளா, இரவில் யார் எங்கே படுக்கிறார்கள், இதை நாளைக்கே போய்ப் பாருங்கள். "அது கான்ட்ராக்டர் பார்த்துக்குவான்" என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். எந்த ஆளையும் எந்தக் காரணத்துக்காகவும் தொட்டியில் இறக்குவதில்லை என்று முடிவெடுத்து, கேட்டிலேயே எழுதிப் போடுங்கள், வங்காளத்திலும் இந்தியிலும் சேர்த்து எழுதிப் போடுங்கள். இதற்கு அப்பாவின் சம்மதம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஆள் கணக்கு. பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. இருபது பேர் இருந்தால் பிஎஃப். கான்ட்ராக்ட் ஆளுக்கு அவன் கட்டவில்லை என்றால் கடைசியில் பொறுப்பு உங்கள் தலையில்தான். இதைத் தவிர்க்க ஒரே ஷெட்டை மூன்று பேரில் காட்டும் வழக்கம் உண்டு, எனக்கே அப்படிச் செய்து தரச் சொல்லி வந்தவர்கள் உண்டு, திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் அதைச் சரிசெய்வதுதான் உங்கள் முதல் சமூகப் பணி. அப்புறம், அப்பர் தைக்க வீட்டுக்கு எடுத்துப் போகும் பெண்கள். ஏஜெண்ட் மூலமாகப் பீஸ் ரேட்டில் போகும், அவர்கள் பேர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நீங்கள் ஏஜெண்டுக்குக் கொடுக்கும் ரேட் தெரியும், அந்த அம்மா கையில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று தெரியுமா? ஒரு நாள் டூவீலரை எடுத்துக்கொண்டு நீங்களே அந்தத் தெருக்களுக்குப் போங்கள். ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்திருந்தால், அதற்கு வேறு பேரே உண்டு: 1976இலிருந்தே கொத்தடிமை முறை சட்டப்படி குற்றம். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடித் தொழிலில் பிள்ளைகளை முன்பணத்துக்கு அடகு வைத்த காலம் என் கண்ணெதிரே இருந்த காலம். அதை நிறுத்தியது மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும், முதலாளி வீட்டுப் பிள்ளைகள் அல்ல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அப்பாவிடம் பேசும் விதம்: மேஸ்திரி முன்னால் பேசாதீர்கள். சித்தப்பாவிடம் தனியாகப் போய் ஆதரவு திரட்டாதீர்கள், அது வேறு சண்டையாக முடியும், நான் பிரித்துக் கொடுத்த பார்ட்னர்ஷிப்புகள் பல இப்படி ஆரம்பித்தவைதான். அம்மா இருக்கும்போது, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு தாளில் நாலு எண்ணோடு பேசுங்கள். அவருக்குப் புரிகிற இன்னொரு மொழி வாங்குபவர். ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு வரும் இடத்தில் தொழிலாளர் உரிமையும் சுற்றுச்சூழலும் எப்படி என்று பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. லெதர் ஒர்க்கிங் குரூப் தரச்சான்று கேட்காத பெரிய பிராண்ட் இப்போது குறைவு. இதைச் சொன்னால் கேட்பார். ஆனால் ஆடிட் வரும் நாளைக்கு மட்டும் கையுறை மாட்டி நிறுத்துகிற பழக்கத்தில் விழுந்துவிடாதீர்கள், அந்தப் பழக்கம் வந்த கம்பெனி திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் நடக்க இரண்டு வருடம் ஆகும். அதற்குப் பிறகு டிரஸ்ட் தொடங்குங்கள், நானே பத்திரம் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். அப்போதும் என்ன செய்வது என்று நீங்களாக முடிவெடுக்காமல், ஷெட்டுக்குக் கீழ்ப்பக்கம், தண்ணீர் ஓடும் திசையில் இருக்கும் ஊர்களில் போய்க் கேளுங்கள். ஓர் ஊரில் ஏரி வரவுக்கால் தூர்ந்திருக்கும், ஓர் ஊரில் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனைக்கு வண்டி வேண்டும் என்பார்கள். உங்களுக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தெரியும்.

போகும்போது ஒரு காலி பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள். யாராவது ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு, அவர்கள் கண்முன்னே டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள், மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வரும் எண்ணை அந்த வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் அதே கிணற்றுக்குத் திரும்பப் போங்கள்.